இரண்டாம் காட்சியில் செத்தவள்

கும்பகோணம் அமிர்தத்துக்குச் சாவது பழகிப்போயிருந்தது. தை பிறந்தால் காவிரிக்கரையில் ஊருக்கு ஒரு நாடகம். நாடகத்துக்கு ஒரு கதாநாயகி. அந்தக் கதாநாயகி பெரும்பாலும் இரண்டாம் காட்சியிலேயே கொலையாகிவிடுவாள். ஊர் ஆட்கள் ஒரு மாசமாக ஒத்திகை பார்த்து வைத்திருப்பார்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் வரவேண்டும். அமிர்தம் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். வசனத்தை ஒரு தடவை காதால் கேட்டுக்கொள்வாள். பிறகு மேடையேறிக் காதலித்து, அழுது, கத்திக்குத்து வாங்கி விழுவாள். அதோடு அவள் வேலை முடிந்தது. மிச்ச நாடகமெல்லாம் அவளைக் கொன்றவனைப் பற்றியது. அதை அவள் படுதாவுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டே கேட்பாள்.

அவளுக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. "நின்னுக்கிட்டு அழுவுறதுக்குப் படுத்துக்கிட்டுச் சாவுறது எவ்வளவோ தேவலை" என்பாள்.

எழுபத்து நான்காம் வருஷத்துப் பொங்கலுக்குக் கீழமருதவெளியில் நாடகம் என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஊரைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். குறுவை அறுப்பிலிருந்தே கூலித் தகராறில் ஊர் இரண்டாகக் கிடந்தது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பேன் என்று மிராசுதார் நாகநாதன் நின்றார். இறக்கிப் பாருங்கள் என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் சாமிதுரை நின்றார். நடுவில் போலீஸ் வந்து கூடாரம் அடித்தது. கடைசியில் தாசில்தார் இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசி, சம்பா அறுப்புக்குக் கூலி முடிவாயிற்று. அந்த ஒற்றுமையைக் கொண்டாட இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு நாடகம் போடவேண்டும் என்பது தாசில்தாரின் யோசனை. நல்ல மனுஷர். அவருக்கு நாடகங்களைப் பற்றித் தெரியாது.

போலீஸ் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தது. பொழுது சாயும்போது தொடங்கி, ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

நாடகத்தை எழுதியவர் தியாகராசன். கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தா, ஆளுங்கட்சிக்குக் கிளைச் செயலாளர். தண்ணீர் கேட்டால்கூட, "தவித்த வாய் தழைக்கத் தண்ணீர் தா" என்று கேட்கிறவர். அமிர்தம் சொசைட்டிக் கொட்டகைக்குள் நுழைந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"வாங்கம்மா. கதையச் சொல்லிடறேன். நீங்க ஏழைக் குடியானவன் மக. மிராசுதாரோட காரியக்காரன் ஒங்கமேல ஆசைப்படுறான். நீங்க மறுக்கிறீங்க. குத்திடுறான்."

"எந்தப் பக்கம் விழணும்?"

"வலது பக்கம். அப்பறம் கோர்ட்டு. நீதிபதி ஆயுள் தண்டனைதான் குடுக்கிறாரு. குற்றவாளி திருந்தணும்னு பெரிய வசனம். என் உயிரக் குடுத்து எழுதியிருக்கேன்."

"ஆயுளா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் இடித்தது. சாமிதுரை நின்றிருந்தார். "தியாகராசா, ஊரு கெடக்குற கெடப்பு தெரியுமா ஒனக்கு? டீக்கடையில பேப்பரு கிழியிற அளவுக்குப் படிக்கிறான் ஒவ்வொருத்தனும்."

அவர் சொன்னது நிஜம். பத்து நாளைக்கு முன்னால் பாபநாசம் பக்கம் ஒரு பெண்ணை நகைக்காகக் கொன்று வாய்க்காலில் போட்டுவிட்டார்கள். ஆள் பிடிபட்டுவிட்டான். அதிலிருந்து டெல்டா முழுக்க டீக்கடை பெஞ்சுகளெல்லாம் கோர்ட்டாக மாறியிருந்தன. தூக்கு போதாது, நடுரோட்டில் வெட்டவேண்டும் என்றவர்கள் உண்டு. அரசாங்கமே கொலை செய்யலாமா என்று கேட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியவர்களும் உண்டு.

"காரியக்காரனத் தூக்குல போடு. சனம் கை தட்டும்" என்றார் சாமிதுரை.

செய்தி எப்படிப் போயிற்றோ, கால்மணி நேரத்தில் மிராசுதார் நாகநாதன் வந்துவிட்டார். மேடைக்குக் கீற்றும் மூங்கிலும் அவர் தோப்பிலிருந்து வந்தவை. அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, என் காரியக்காரன் முன்வரிசையில உக்காந்து பாக்கப்போறான். அவன் கண்ணு முன்னாடியே அவனத் தூக்குல போடுவீங்களா? உசுருன்னா என்ன வெளையாட்டா? காந்தி பொறந்த நாட்டுல தூக்குத் தண்டனையே இருக்கக்கூடாதுங்கறது என் கொள்கை."

அவருக்கு அப்படி ஒரு கொள்கை இருப்பது கொட்டகையில் இருந்த யாருக்கும் அதுவரை தெரியாது.

"கொலைகாரன மாத்து" என்றார். "பேப்பர்ல வந்த மாதிரி, கூலிக்காரன் ஒருத்தன் நகைக்காகக் குத்திட்டான்னு வையி. அதான நடக்குது நாட்டுல."

தியாகராசன் கூரையைப் பார்த்தார். கூரை என்றதும் கீற்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். பென்சிலை எடுத்து மாற்றினார்.

"அது சரி" என்று நாகநாதன் எழுந்தார். "இப்ப தூக்குல போடலாம். இவனையெல்லாம் விடக்கூடாது."

"அதெப்புடி?" என்று சாமிதுரை குறுக்கே வந்தார். "ஏழை திருடுறான்னா ஏன் திருடுறான்? பசி. சமுதாயந்தான் குத்தவாளி. அவன் திருந்துறதுக்கு ஒரு வழி வேணாமா? ஆயுளே அதிகம்."

அமிர்தம் வாயில் வைத்திருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே கொட்டகையின் மூலையைப் பார்த்தாள். அங்கே வைக்கோல் பிரிமேல் உட்கார்ந்து ஒருவன் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன்தான் கொலைகாரன். பெயர் வைரக்கண்ணு. அறுப்பறுக்கிறவன், நல்ல கட்டை, நல்ல குரல். அதற்குள் இரண்டு தடவை அவனைத் தூக்கில் போட்டு இறக்கியிருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் வேணாம்" என்று தியாகராசன் அழாத குறையாகச் சொன்னார். "கொலைகாரன் வெளியூர்க்காரன். சரியா?"

"அப்பன்னா தூக்கு" என்றார் நாகநாதன்.

"தூக்குத்தான்" என்றார் சாமிதுரை.

குறுவையிலிருந்து அன்றுவரை அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. தாசில்தார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நீதிபதியாக நடிக்கும் ஜெகபர் அலி அப்போதுதான் வாயைத் திறந்தார். சைக்கிள் கடைக்காரர், வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டை மடியில் வைத்திருந்தார். "எந்த ஊர்க்காரன்னு தீர்ப்புல சொல்லணுமே?"

"பாபநாசம்னு வையி" என்றார் சாமிதுரை.

"என் சம்பந்தி ஊரய்யா அது!" என்றார் நாகநாதன். "பேராவூரணின்னு வையி."

"என் தங்கச்சியக் குடுத்திருக்கேன் பேராவூரணியில" என்றார் சாமிதுரை.

"வேளாங்கண்ணி?" என்று யாரோ சொல்ல, "மாதா ஊர்லேருந்து கொலைகாரனா?" என்று மற்ற எல்லோரும் ஒன்றாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்படியே ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். சொந்தக்காரன் இல்லாத ஊர் சோழநாட்டில் கிடைக்கவில்லை. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. கொலைகாரனுடைய ஊரையும் தொழிலையும் சொல்லாமல் விடுவது, தீர்ப்பைச் சனங்களின் முகத்தைப் பார்த்து நீதிபதியே அந்த நேரத்தில் முடிவு செய்வது என்று ஆயிற்று.

ஜெகபர் அலி அமிர்தத்திடம் வந்து முணுமுணுத்தார். "தூக்குன்னா பேனா முள்ள ஒடைக்கணுமாமே அம்மா? இது என் மாப்பிள்ளை சிங்கப்பூர்லேருந்து அனுப்பிச்ச பேனா. எப்புடியாச்சும் ஆயுளாப் போயிடணும்னு வேண்டிக்குங்க."

களத்துமேட்டில் கூட்டம் நெருங்கி உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் மிராசுதார் பெஞ்சு, அவருடைய ஆட்கள். அந்தப் பக்கம் வைக்கோல் பரப்பி அதில் சங்கத்து ஆட்கள். நடுவே பெண்களும் பிள்ளைகளும். ஓரத்தில் நாற்காலி போட்டு சப்-இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் நான்கு லத்தி.

முதல் காட்சியில் கொலைகாரனின் காதல் வசனம். இரண்டாம் காட்சியில் வைரக்கண்ணு கத்தியை எடுத்தான். கூட்டம் மூச்சுவிடவில்லை. பீடிப்புகைகூட அசையாமல் நின்றதுபோலிருந்தது. அமிர்தம் வலது பக்கமாக விழுந்தாள். ரவிக்கைக்குள் வைத்திருந்த குங்குமக் கரைசல் பை உடைந்து புடவையெல்லாம் சிவந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஓலம். படுதா விழுந்ததும் அவள் எழுந்து, பின்னால் போய், புடவையைப் பிழிந்துகொண்டு டீக்கு உட்கார்ந்தாள்.

மூன்றாம் காட்சி கோர்ட்டு, வைரக்கண்ணு கூண்டில். சிக்கல் உடுப்பில் ஆரம்பித்தது. கொலைகாரன் யாரென்று முடிவாகாததால் வைரக்கண்ணு காரியக்காரனுக்கு வாங்கிய சட்டையையும், கூலிக்காரனுக்கு வைத்திருந்த நாலு முழ வேட்டியையும் சேர்த்தே போட்டிருந்தான். பெஞ்சுக்காரர்கள் வேட்டியைப் பார்த்தார்கள். வைக்கோல்காரர்கள் சட்டையைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும், "தூக்குல போடு!" என்று கத்தியது. ஜெகபர் அலி பேனாவைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டார்.

மேடை வக்கீல் தன் வசனத்தைப் பார்த்துக் கேட்டான்: "குற்றவாளியே! உன் தொழில் என்ன?"

இதற்குப் பதில் எழுதப்படவில்லை. வைரக்கண்ணு ஒரு நிமிஷம் யோசித்தான்.

"அறுப்பறுக்கிறேனுங்க."

வைக்கோல் பக்கம் சட்டென்று அடங்கியது. பிறகு, "பாவம்டா! ஆயுள் போதும்!" என்று ஒரு குரல் கிளம்பி, அதுவே பெரிய கோஷமாயிற்று. பெஞ்சுப் பக்கம் இன்னும் உரக்கத் தூக்குக் கேட்டது.

வைரக்கண்ணுவுக்கு அதுவரை வாழ்க்கையில் யாரும் அவன் ஒரு சொல்லுக்கு இப்படி எழுந்தும் உட்கார்ந்தும் காட்டியதில்லை. ருசி கண்டுவிட்டான்.

"ஆனா நானா செய்யலீங்க. மொதலாளி சொல்லித்தான் செஞ்சேன்."

"அப்ப தூக்குல போடு!" என்று வைக்கோல் பக்கம் துள்ளியது. "பொய்யிடா, கருணை காட்டுங்கய்யா, ஆயுள் குடுங்க!" என்று பெஞ்சுப் பக்கம் பதறியது.

"மொதலாளின்னா, சங்கத்து மொதலாளி."

இதற்கு அர்த்தம் என்னவென்று அவனுக்கே தெரியாது. ஆனால் இரண்டு பக்கமும் எழுந்துவிட்டது. வைக்கோல் பிரி ஒன்று பறந்து வந்து நாகநாதனின் காரியக்காரர் தலையில் மாலைபோல் விழுந்தது. ஒரு பெஞ்சு மெல்லத் தரையைவிட்டு எழும்பியது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஜெகபர் அலி மேஜையைத் தட்டினார், யாருக்கும் கேட்கவில்லை. தியாகராசன் படுதா ஓரத்தில் நின்று, "ஐயோ, ஐயோ" என்றார். அதில் ஓர் அடுக்குமொழியும் இல்லை.

அமிர்தம் டம்ளரைக் கீழே வைத்தாள். அடிதடி என்றால் முதலில் பிடுங்குவது மேடை மூங்கிலைத்தான் என்று அவளுக்குத் தெரியும். கூரை தலையில் விழும். கடைசிப் பஸ் வேறு போய்விடும். அதோடு, அவளுக்கே புரியாத ஒரு கோபமும் வந்திருந்தது. இத்தனை வருஷமாகப் படுதாவுக்குப் பின்னால் கேட்டுக் கேட்டு ஊறிய கோபம்.

சிவந்த புடவையோடு விறுவிறுவென்று மேடை நடுவே வந்து நின்றாள்.

முதலில் பார்த்த கிழவி ஒருத்தி, "ஆத்தா!" என்று அலறிக் கும்பிட்டாள். சத்தம் வரிசை வரிசையாக அணைந்தது. தூக்கிய பெஞ்சைத் தூக்கியபடியே நான்கு பேர் நின்றார்கள். கூண்டுக்குள் நின்ற வைரக்கண்ணுவுக்கு வியர்த்துவிட்டது.

அவள் மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"செத்தவ நான்தான். ஒருத்தராச்சும் என்னக் கேட்டீங்களா?"

தூக்கியிருந்த பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது.

"சரி, தீர்ப்பு அப்பறம் இருக்கட்டும். இந்த நாடகத்துல என் பேரு என்ன? சொல்லுங்க பாப்போம். பேர் சொல்றவங்க சொல்ற தண்டனைய ஜட்ஜையா குடுத்திடுவாரு."

"முத்தம்மா!" என்றது ஒரு குரல். "வள்ளிடா" என்றது இன்னொன்று. "கண்ணகி" என்று ஒருவன் சொல்லி, பக்கத்திலிருந்தவனிடம் குட்டு வாங்கினான். எல்லோரும் முதல் காட்சியில் கேட்ட பெயர்தான். அது எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. ஜெகபர் அலி ரகசியமாகத் தியாகராசனைப் பார்த்தார். தியாகராசன் தாள்களைப் புரட்டினார். மூன்று தடவை மாற்றி எழுதிய கோர்ட்டுத் தாள்களில் எல்லா இடத்திலும் 'பெண்' என்றுதான் இருந்தது.

"இது நாடகம், போவுது. பேப்பர் படிச்சுக் கொதிக்கிறீங்களே, அந்தப் பாபநாசத்துப் பொண்ணு பேராச்சும் தெரியுமா?"

கொன்றவன் பெயரும், அவன் அப்பன் பெயரும், அவன் படித்த வகுப்பும் எல்லோருக்கும் மனப்பாடம். மிராசுதார் சாமிதுரையைப் பார்த்தார். சாமிதுரை மிராசுதாரைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது" என்றாள் அமிர்தம் கொஞ்சம் குரல் இறங்கி.

அப்போது பெண்கள் நடுவிலிருந்து ஒருத்தி வெடுக்கென்று எழுந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. "பொன்னி!" என்றாள். "ஒங்க பேரு பொன்னி!"

"செவ்வந்தி, உக்காரு!" என்று கூண்டுக்குள்ளிருந்து வைரக்கண்ணு கெஞ்சினான். அவள் அவன் மனைவி.

"ஏன் உக்காரணும்? ஒரு மாசமா எங்க வூட்டுல இதே பேச்சுத்தான். 'பொன்னி, நீ புன்னகைச்சா புதுவெள்ளம் பொங்குதடி என் நெஞ்சுல'. கஞ்சி குடிக்கிறப்ப பொன்னி, கருக்கருவா தீட்டுறப்ப பொன்னி, தூக்கத்துல பொன்னி! என்னைய 'ஏ'ன்னு தவிர கூப்புட்டிருக்காரா இந்த மனுசன்?"

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது.

"பேரு தெரிஞ்சது ஒனக்குத்தான்" என்றாள் அமிர்தம். "நீயே சொல்லு. என்ன தண்டனை குடுக்கலாம்?"

"தூக்குல போடுங்க!"

"அடிப்பாவி!" என்றான் வைரக்கண்ணு. கூட்டம் குலுங்கியது. தூக்கிய பெஞ்சை இறக்கிவைத்து அதன்மேலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். ஜெகபர் அலி மட்டும் பேனாவை இறுகப் பிடித்தார்.

செவ்வந்திக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. கை தானாகத் தாலிக்குப் போயிற்று. "ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா! வேணாங்க, வேணாங்க."

"அப்ப ஆயுளா?"

"ஆயுளா? அதுவரைக்கும் இதுங்க நாலையும் யாரு பாக்குறது?"

நாகநாதன்கூடத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை செவ்வந்தி நின்றுகொண்டே இருந்தாள். இடுப்புப் பிள்ளையை மாற்றிவைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"என்னைய ஏங்க கேக்குறீங்க? ஒங்களப் பெத்தவ இருப்பால்ல, அவளக் கேளுங்க. இந்த நாடகத்துல ஒங்களுக்கு ஆத்தாளே வெக்கலியே."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆத்தா வேஷத்துக்கு இன்னொரு நடிகையைக் கூப்பிட வேண்டியிருந்திருக்கும் என்பதால் தியாகராசன் அதை எழுதவே இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் விசில் ஊதினார். மணி ஒன்பது.

ஜெகபர் அலி துள்ளி எழுந்தார். வாழ்நாளில் அவ்வளவு கம்பீரமாக அவர் பேசியதில்லை. "தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது!" பேனா மூடியைத் திருகி உள்ளே வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் கை தட்டியது.

அமிர்தம் புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது, வைரக்கண்ணு அவள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். அவனைத் தனியாக விட மனசில்லாமல் செவ்வந்தியும் கூடவே வந்தாள். வழியெல்லாம் ஆட்கள் கும்பல் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தூக்கா, ஆயுளா என்றுதான். ஆனால் சத்தம் குறைந்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றான் வைரக்கண்ணு. "இத்தன ஊர்ல செத்திருக்கீங்க. நெசமா, ஒங்களுக்கு என்ன வேணும்னு தோணும்? தூக்கா, ஆயுளா?"

அமிர்தம் வயலைப் பார்த்தாள். சாலையோரத்தில் அறுக்காத சம்பா தலை சாய்ந்து நின்றது.

"நீ கத்திய எடுத்துக்கிட்டு வர்றியே, அது பாக்குறவங்க எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் முதுகு காட்டி நிக்கிறதுனால தெரியாது. அப்ப யாராச்சும் ஒருத்தர் 'டேய்!'னு ஒரு சத்தம் போடணும்னு தோணும். எந்த ஊர்லயும் போட்டதில்ல. மூச்சப் புடிச்சுக்கிட்டுப் பாக்குறாங்க. நான் விழுந்தப்புறந்தான் அம்புட்டுக் கோவமும் வருது."

"நாடகத்துல எப்புடிங்க கத்துறது?" என்றான் வைரக்கண்ணு.

"தூக்குல போடுன்னு மட்டும் கத்துனாங்களே?"

அவன் தலையிலிருந்த பெட்டியை இறக்கிவைத்தான். பஸ் விளக்கு தெரிந்தது. செவ்வந்தி அவசரமாக அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நாளைக்கு எங்க?"

"பேராவூரணி. அங்க கெணத்துல தள்ளிவிடுறாங்களாம்."

"நீச்சல் தெரியுமா?"

"மேடையில ஏதுடி தண்ணி?"

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் வந்து நின்றது. பெட்டியை ஏற்றி, அமிர்தம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்த பிறகும் கீழே செவ்வந்தி புருஷனிடம் எதையோ விரல் நீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. 'பொன்னி' என்ற சொல் மட்டும் ஜன்னலுக்கு எட்டியது. அவன் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.